போனுக்கு ஒரு குடை

கொட்டிவாக்கத்தில் கிழக்குக் கடற்கரைச் சாலையை அகலப்படுத்தும் வேலைக்கு முன்வாசலைக் கொடுத்துவிட்டு, மிச்சமிருக்கும் எட்டடியில் நிற்கிறது அந்தக் கடை. மொபைல் சர்வீஸ், ரீசார்ஜ், ஜெராக்ஸ் என்கிறது பலகை. ஜெராக்ஸ் மிஷின் இருக்கிறது, அதன் மேல் டெம்பர் கிளாஸ் அட்டைகள் அடுக்கிக் கிடக்கின்றன. பக்கத்தில் டீக்கடை. இரண்டுக்கும் பொதுவாக ஒரு பெஞ்சு. கத்திரி நாட்களில் பதினொரு மணிக்கு மேல் அந்தப் பெஞ்சில் பாதிதான் நிழல். அந்தப் பாதியில் ஒரு டீயோடு உட்கார்ந்துவிட்டால் யாரும் எதுவும் கேட்பதில்லை. போன் ரிப்பேருக்குக் காத்திருக்கும் ஆள் என்று டீக்கடைக்காரர் நினைத்துக்கொள்கிறார். டீ குடிக்க வந்த ஆள் என்று போன் கடைக்காரர் நினைத்துக்கொள்கிறார். இரண்டு பேரின் தப்புக் கணக்குக்கு நடுவே ஒருவன் சௌகரியமாக வேடிக்கை பார்க்கலாம்.

போன் கடைக்காரருக்கு முப்பது வயது இருக்கும். கவுண்டரில் பச்சை ரப்பர் விரிப்பு, அதன்மேல் ஊசி முனை ஸ்க்ரூ டிரைவர்கள், ஒரு ட்வீஸர், மயிர் கொட்டிய பழைய பல் பிரஷ். மேசை விசிறி ஒன்று ஓடுகிறது. அது அவரைப் பார்த்துத் திரும்பியிருக்கவில்லை, விரிப்பைப் பார்த்துத் திரும்பியிருக்கிறது. காற்று போனுக்கு, வியர்வை அவருக்கு.

யார் போனை நீட்டினாலும் அவர் முதலில் திரையைப் பார்ப்பதில்லை. புறங்கையைப் போனின் முதுகில் கேமராவுக்குக் கீழே வைக்கிறார், பிறகு நடுவில், பிறகு அடியில் சார்ஜர் குத்தும் இடத்தில். பெரும்பாலான போன்களில் மதர்போர்டு மேலே, பேட்டரி நடுவே, சார்ஜிங் போர்டு கீழே. எங்கே சுடுகிறது என்று தெரிந்தாலே பாதி வியாதி பிடிபட்டுவிடுகிறது. கருவி எதுவும் கிடையாது, புறங்கைதான்.

குப்பத்துப் பக்கமிருந்து ஒரு அம்மா வருகிறார். காலை மீன் விற்று முடித்த அலுமினிய அன்னக்கூடை இடுப்பில். அதற்குள் கத்தி, தராசு, பிளாஸ்டிக் பையில் சுற்றிய க்யூஆர் அட்டை. ஜாக்கெட்டுக்குள்ளிருந்து போனை எடுத்து நீட்டுகிறார்.

“தம்பி, போனு கொதிக்குதுப்பா. காதுல வெச்சா சுடுது. பேசினு இருக்கும்போதே கட்டாயிடுது.”

“எப்போலேர்ந்துக்கா?”

“வெயில் ஆரம்பிச்சதுலேர்ந்து.”

“கவர கழட்டறேன்.”

“உள்ள சாமி இருக்கு. பாத்து.”

கவர் கழல்கிறது. உள்ளே முதலில் மடித்த பத்து ரூபாய் நோட்டு. அதன் கீழ் சமயபுரம் மாரியம்மன், அம்மனுக்கு முதுகு காட்டி ஒட்டியபடி வேளாங்கண்ணி மாதா. அப்புறம் ஒரு மருந்துச் சீட்டு, நாலாய் மடித்தது. கடைசியாக ரேஷன் கார்டு. வியர்வையும் மீன் ஈரமும் பட்டு மருந்துச் சீட்டு கவரோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. கடைக்காரர் ட்வீஸரால் பிரித்து, ஒவ்வொன்றாகச் செய்தித்தாள் மேல் வரிசையாக வைக்கிறார். போன் முதுகில் இத்தனை தடிமன் இருந்தால் உள்ளே இருக்கும் சூடு எங்கே போகும்?

“இதெல்லாம் பர்ஸ்ல வைக்கணும்க்கா.”

“எனக்கேதுப்பா பர்ஸு?”

கேள்வி நியாயமானது. காசு போனுக்குள் போய்ப் பல வருஷம் ஆகிறது. மிஞ்சிய காகிதமும் சாமியும் அதே இடத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்கின்றன.

“நைட்டு எங்க சார்ஜ் போடுவீங்க?”

“தலகாணி பக்கத்துல. பேத்தி வீடியோ பாத்துக்கினே தூங்கிடும். அப்படியே கிடக்கும் காலைல வரைக்கும்.”

அவர் ஒன்றும் சொல்லவில்லை. சார்ஜர் முனையை டார்ச் அடித்துப் பார்க்கிறார், பிரஷ்ஷால் இரண்டு இழுப்பு இழுக்கிறார், உப்பும் மணலும் கலந்த பொடி உதிர்கிறது. காசு கேட்கவில்லை. அம்மா எல்லாவற்றையும் திரும்ப உள்ளே வைக்கப் போகிறார். சாமியை வெளியே வை என்று யார் சொல்வது? கடைக்காரர் ஒரு சமரசத்துக்கு வருகிறார்.

“கேமரா கிட்ட வேணாம்க்கா. அங்கதான் சூடு. அம்மன கீழ எறக்கி வெச்சுருங்க. ரூபாயும் சீட்டும் மட்டும் வெளிய.”

அம்மனும் மாதாவும் பிராசசரை விட்டுச் சார்ஜிங் போர்டு பக்கம் இடம் மாறுகிறார்கள். பத்து ரூபாய் இடுப்புச் சுருக்குப் பைக்குப் போகிறது. ரேஷன் கார்டை மட்டும் அந்தம்மா கையில் வைத்துக்கொண்டு யோசிக்கிறார். பிறகு கடைக்காரர் குனிந்த நேரம் பார்த்து அதையும் கவருக்குள் செருகிவிடுகிறார்.

கணினிக்கு விசிறி உண்டு. போனுக்குக் கிடையாது. பிராசசர் கக்கும் சூடு, மெல்லிய கிராஃபைட் தாள் வழியாகவோ, விலை கூடிய போன்களில் ஒரு சொட்டுத் தண்ணீர் அடைத்த தட்டைச் செப்புக் கூட்டின் வழியாகவோ பரவி, முதுகுக் கண்ணாடிக்கு வந்து காற்றில் கலக்க வேண்டும். போனின் தோல்தான் அதன் புகைபோக்கி. இரண்டு மில்லிமீட்டர் ரப்பர் கவர் போட்டால் புகைபோக்கிக்கு மூடி போட்ட மாதிரி. அதனால் கவர் இல்லாமல் வைத்துக்கொள்ளுங்கள் என்று கடைக்காரர் எல்லோருக்கும் சொல்கிறார். சொல்லிக்கொண்டே பின்சுவரில் தொங்கும் நூற்றுச் சொச்சம் கவர்களுக்கு முன்னால் நிற்கிறார். அவருடைய வாடகையை அந்தச் சுவர்தான் கட்டுகிறது.

இதில் உற்பத்தியாளர்களின் வேடிக்கை ஒன்று உண்டு. ஆப்பிள் நிறுவனம் தன் போன்களைப் பயன்படுத்தத் தகுந்த சுற்றுப்புற வெப்பநிலை என்று 0 முதல் 35 டிகிரி செல்சியஸ் வரை அச்சிட்டுத் தருகிறது. சென்னையில் மே, ஜூன் மாதங்களின் பகல் உச்ச வெப்பநிலை சராசரியாகவே 37-ஐ ஒட்டி இருக்கிறது. அதுவும் நிழலில் வைத்த வெப்பமானி காட்டுவது. 2003 மே இறுதியில் இந்த ஊர் 45 டிகிரியைப் பார்த்திருக்கிறது. அப்போது ஐபோன் பிறக்கவில்லை, தப்பித்தது. இன்று அதே ஐபோன்களைக் கொட்டிவாக்கத்திலிருந்து ஒரு மணி, ஒன்றரை மணி நேரப் பயணத்தில் இருக்கும் ஸ்ரீபெரும்புதூரில் பூட்டுகிறார்கள். 2023 செப்டம்பரில் ஐபோன் 15 கடைக்கு வந்தபோது ஸ்ரீபெரும்புதூரில் பூட்டியவையும் முதல் நாளே விற்பனைக்கு இருந்தன. உள்ளூரில் பிறந்த பிள்ளைக்கு உள்ளூர் வெயில் ஆகாது என்று பிறப்புச் சான்றிதழிலேயே எழுதிக் கொடுத்த கதை. அதே மாதம் 15 புரோ மாடல்கள் கை பொறுக்க முடியாமல் சுடுவதாக உலகமெங்கும் புகார் கிளம்பியது. மென்பொருள் பிழையும் சில செயலிகளும்தான் காரணம் என்று சொல்லி அக்டோபர் தொடக்கத்தில் ஒரு அப்டேட் விட்டார்கள். வெயிலுக்கு அப்டேட் வரவில்லை.

மணி பன்னிரண்டை நெருங்குகிறது. கடற்காற்று இன்னும் ஏறவில்லை. கடல் அரை கிலோமீட்டரில் இருந்தும், மேற்கே பக்கிங்காம் கால்வாய்ப் பக்கமிருந்து அடிக்கும் அனல்காற்று அதைக் கரையிலேயே நிறுத்தி வைத்திருக்கிறது. சாலையில் தார் மினுங்குகிறது.

உணவு கொண்டுபோகும் இளைஞர் ஒருவர் வண்டியைப் பெஞ்சு ஓரம் ஒதுக்குகிறார். வண்டி ஹாண்டில்பாரில் போன் மாட்டும் ஸ்டாண்டு. அதற்கு மேலே, விளையாட்டுச் சாமான் போல, உள்ளங்கை அகலத்தில் ஒரு குட்டிக் குடை. நிஜக் குடைதான்: கம்பி இருக்கிறது, துணி இருக்கிறது, மஞ்சளில் பூப்போட்ட விளிம்புகூட இருக்கிறது. அதன் கீழ் போன். ஹெல்மெட்டைக் கழற்றினால், நனைத்து எடுத்தது போல ஒட்டிக் கிடக்கும் தலை.

குடை இருந்தும் போன் படுத்துவிட்டது. திரை மங்கிக்கொண்டே போய், சூடு தணியும்வரை பயன்படுத்த முடியாது என்ற அறிவிப்பு வந்து நிற்கிறது.

இந்தப் போனின் ஒரு மணி நேரத்தை யோசித்துப் பார்க்கலாம். ஜிபிஎஸ் விடாமல் ஓடுகிறது. மேப்புக்கு டேட்டா. வெயிலில் தெரிய வேண்டுமென்று திரை முழு வெளிச்சத்தில். அது குடிக்கும் பேட்டரிக்கு ஈடாக வண்டியிலிருந்தே ஓடிக்கொண்டிருக்கும் சார்ஜர். மழைக்கும் தூசிக்கும் பயந்து மாட்டிய கண்ணாடிப் பை. இந்த வேலைகளில் போன் தானாக உண்டாக்கும் சூடு மூன்று முதல் ஐந்து வாட் இருக்கும். வெயிலின் கணக்கு வேறு. ஏப்ரல் 24-ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 18-ஐ ஒட்டியும் நடுப்பகலில் சென்னையில் சூரியன் சரியாக உச்சந்தலைக்கு மேல் நிற்கிறது, நட்ட குச்சிக்கு நிழல் விழாது. மே மாதத்திலும் அந்த இடத்திலிருந்து அதிகம் நகர்வதில்லை. அந்த நேரத்து வெயில் ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய ஆயிரம் வாட். போனின் முகம் 120 சதுர சென்டிமீட்டர் என்று வைத்தால் பன்னிரண்டு வாட். கறுப்புக் கண்ணாடி அதில் பெரும்பகுதியைக் குடித்துவிடும். ஆக, தான் செய்யும் வேலையின் சூட்டைப் போல இரண்டு மடங்கு, சும்மா வெயிலில் இருப்பதாலேயே அதன் தலையில் ஏறுகிறது. கடைக்காரரிடம் கொடுத்து ரிப்பேர் செய்ய இதில் எதுவும் இல்லை.

போனுக்கோ தன்னைக் காத்துக்கொள்ளத் தெரியும். முதலில் பிராசசர் வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது, மேப் திக்குகிறது. அடுத்து திரையை மங்கவைக்கிறது. வெளிச்சம் அதிகம் தேவைப்படும் வெயிலில்தான் அதைச் செய்கிறது, அதனால்தான் சிக்னலில் நிற்கும் இவர்கள் எல்லோரும் திரைமேல் உள்ளங்கையைக் கவிழ்த்து எட்டிப் பார்க்கிறார்கள். பிறகு சார்ஜ் ஏறுவதை நிறுத்துகிறது, கேமரா ஃபிளாஷை மறுக்கிறது. கடைசியில் மொத்தமாக வேலைநிறுத்தம். இதற்கெல்லாம் டிகிரிக் கணக்கில் வரம்பு வைத்து எழுதியிருக்கிறார்கள்.

“என்னாச்சு ப்ரோ?”

“ஹீட்டுண்ணா. இன்னிக்கு ரெண்டாவது தபா.”

“பவுச்சக் கழட்டு. சார்ஜரப் புடுங்கு. பத்து நிமிஷம் இங்க வை.”

போன் பச்சை விரிப்பில், விசிறிக்கு நேரே படுக்கிறது. வாசலில் நின்றிருந்தவர் முதல் முறையாக நிழலுக்குள் வந்து பெஞ்சில் உட்காருகிறார். டீக்கடைக்காரர் கேட்காமலே ஒரு சொம்பு தண்ணீர் நீட்டுகிறார். பாதியைக் குடித்து, மீதியைப் பிடரியில் ஊற்றிக்கொள்கிறார். பையில் யாருடைய மதிய உணவோ இருக்கிறது. போன் எழுந்தால்தான் அவர்கள் வீடு எங்கே என்று தெரியும், அவர்களைக் கூப்பிட்டுச் சொல்லவும் முடியும். வீட்டுக்காரர் அந்நேரம் தன் போனில், நகராமல் நிற்கும் சின்ன வண்டிப் படத்தைப் பார்த்து எரிச்சலாகிக்கொண்டிருப்பார்.

வெப்ப அலையைத் தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் மாநிலப் பேரிடர் பட்டியலில் சேர்த்தது. இவர்களைப் போன்றவர்களுக்காக மாநகராட்சி 2025-இல் அண்ணாநகரில் குளிரூட்டிய ஓய்வறை ஒன்றைத் திறந்தது. நல்ல காரியம். ஆனால் கொட்டிவாக்கத்துக்காரருக்கு அண்ணாநகர் ஊரின் மறு கோடி. இங்கே இவருக்கு ஓய்வு கொடுத்தது போன்தான். அது படுத்ததால் இவர் உட்கார்ந்திருக்கிறார். அது எழுந்ததும் எழுந்துவிடுவார்.

எழுகிறது. அறிவிப்பு மறைந்து, வரிசையாக ஏழெட்டு டிங் சத்தம். அவர் வண்டியை உதைக்கும்போது கடைக்காரர் உள்ளிருந்து ஒரு அட்டைப் பெட்டியின் வெள்ளைப் பக்கத்தைக் கிழித்துக் கொடுக்கிறார். “கொடைக்கு மேல இத வெச்சுக் கட்டு. வெள்ள இருந்தா கொஞ்சம் தாங்கும்.” குடைக்கு மேல் ஒரு கூரை. ஹெல்மெட்டைக் கவிழ்த்துக்கொண்டு அவர் பாலவாக்கம் பக்கம் போகிறார்.

பன்னிரண்டரைக்கு வரும் பெரியவர் வேறு ரகம். வெள்ளை வேட்டி, சட்டைப் பையில் இரண்டு பேனா. போனைச் சுற்றி இரண்டு ரப்பர் பேண்டு போட்டிருக்கிறார்.

“திரை கொஞ்சம் தூக்கிக்கொண்டு நிக்கிறது தம்பி. கம் வெச்சு ஒட்டிக் குடுத்தா போதும்.”

கடைக்காரர் புறங்கையை வைப்பதில்லை. போனைப் பக்கவாட்டில் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்க்கிறார். திரைக்கும் உடலுக்கும் நடுவே ஒரு கீற்று இடைவெளி, நடுவில் அகன்று ஓரங்களில் ஒடுங்குகிறது. ரப்பர் பேண்டை மெதுவாகக் கழற்றுகிறார். முகம் மாறியிருக்கிறது.

“ஐயா, பேட்டரி உப்பிருக்கு. எவ்ளோ நாளா இப்படி?”

“பொங்கலிலிருந்தே லேசா இருந்தது. சார்ஜ் ஏறுதே, பேசறதே என்று விட்டுட்டேன்.”

லித்தியம் அயனி பேட்டரியை 1991-இல் சோனி விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதை உருவாக்கிய மூன்று பேருக்கு 2019-இல் வேதியியல் நோபல். பெரிய காரியம்தான். ஆனால் உள்ளே இருப்பது, எரியக்கூடிய திரவத்தில் ஊறிய இரண்டு தகடுகளும், அவை தொட்டுக்கொள்ளாமல் நடுவே நிற்கும் தலைமுடியைவிட மெல்லிய பிளாஸ்டிக் படலமும்தான். வயதும் சூடும் ஏற ஏற அந்தத் திரவம் சிதைந்து வாயுவாகிறது, உறை ஊதுகிறது. அந்த நிலையில் அழுத்துவதோ குத்துவதோ கூடாது. ரப்பர் பேண்டு போடுவது மெதுவாக அழுத்துவதுதான். படலம் கிழிந்து தகடுகள் தொட்டுக்கொண்டால், எழும் சூடு அடுத்த அடுக்கைச் சிதைக்கும், அது இன்னும் சூட்டைக் கிளப்பும். ஆரம்பித்துவிட்டால் நிறுத்த முடியாத சங்கிலி.

இந்த ஊருக்கு அது பத்திரிகைச் செய்தியாகவும் வந்து இறங்கியிருக்கிறது. 2016 செப்டம்பர் 23 அன்று சிங்கப்பூரிலிருந்து சென்னைக்கு வந்துகொண்டிருந்த இண்டிகோ விமானத்தில், தலைக்கு மேல் பெட்டி வைக்கும் இடத்திலிருந்து புகை வாடை. பார்த்தால், பைக்குள் இருந்த சாம்சங் நோட் 2 பொறி கக்கிக்கொண்டிருந்தது. சிப்பந்திகள் தீயணைப்பானை அடித்து, போனைத் தண்ணீர் நிரம்பிய பாத்திரத்துக்குள் போட்டு, கழிவறையில் கொண்டுபோய் வைத்தார்கள். விமானம் பத்திரமாக மீனம்பாக்கத்தில் இறங்கியது. நோட் 7 போன்களை உலகம் முழுக்கத் திரும்பப் பெற்றுக்கொண்டிருந்த மாதம் அது. எல்லோரும் புது மாடலைப் பார்த்துப் பயந்துகொண்டிருக்க, சென்னை விமானத்தில் புகைந்தது 2012-ஆம் வருஷத்துப் பழைய போன். பொங்கலிலிருந்தே லேசாக இருந்த ரகமோ என்னவோ.

கடைக்காரர் பெரியவரைப் பெஞ்சுக்கு அனுப்பிவிட்டு வேலையில் இறங்குகிறார். போனை அணைத்து, திரையின் ஓரத்தில் பிளாஸ்டிக் தகட்டைச் செருகி, இழைப் பசையை வெட்டி, பேட்டரிக்கு அடியில் சொட்டுச் சொட்டாகத் தின்னர் விட்டு, காத்திருந்து, நெம்பாமல் வழித்து எடுக்கிறார். இந்த நேரத்தில் வரும் இரண்டு ரீசார்ஜ் ஆட்களுக்குப் பதிலே சொல்வதில்லை. வெளியே வந்த பேட்டரி, மாவு புளித்த மாதிரி பொம்மென்று நிற்கிறது. கடைக்கு வெளியே, சுவர் ஓரம், ஒரு பெயிண்ட் டப்பாவில் கடற்கரை மணல். அதற்குள் புதைத்து மூடி வைக்கிறார். மூடியில் மார்க்கரால் ‘தொடாதே’ என்று எழுதியிருக்கிறது. டீக்கடைக்குத் தண்ணீர் கேன் போடும் பையன் ஒருநாள் அதன்மேல் உட்கார்ந்திருந்த பிறகு எழுதியதாம்.

புது பேட்டரி ரிச்சி ஸ்ட்ரீட்டிலிருந்து வர வேண்டும், சாயங்காலம் ஆகும் என்கிறார். பெரியவர் ரப்பர் பேண்டுகளை மட்டும் கேட்டு வாங்கி மணிக்கட்டில் மாட்டிக்கொண்டு போகிறார்.

நிஜமான ரிப்பேர் ஒன்றும் அன்று நடந்தது. சும்மா வைத்திருந்தாலும் கேமரா கீழே அனலாகக் கொதிக்கும் போன், ஒரு கல்லூரிப் பெண்ணுடையது. போர்டை வெளியே எடுத்து, சால்டரிங் முனையில் ரோசினைத் தொட்டுப் புகையவிட்டு, அந்தப் புகையில் போர்டைக் காட்டுகிறார். போர்டு முழுக்க வெள்ளைப் படலம் படிகிறது. பவர் சப்ளையிலிருந்து கொஞ்சம் மின்சாரம் கொடுக்கிறார். ஒரு நொடியில், கடுகைவிடச் சின்னதாக ஒரு கெபாசிட்டர் மேல் மட்டும் வெள்ளை உருகிக் காணாமல் போகிறது. ஷார்ட் அங்கேதான். அத்தனை நேரமும் முகத்தில் இல்லாத சிரிப்பு அப்போது வருகிறது. நாள் முழுக்க வெயிலுக்கு வைத்தியம் சொன்னவருக்கு ஒரே ஒரு அசல் வியாதி கிடைத்த சந்தோஷம்.

மற்றவர்கள் தாங்களாகவே வைத்தியம் பார்த்துவிட்டுத்தான் வருகிறார்கள். ஒருவர் ஃப்ரிட்ஜில் வைத்து எடுத்து வந்திருக்கிறார், கேமரா கண்ணாடிக்குள் பனி படர்ந்திருக்கிறது. கடலோரக் காற்றின் ஈரத்துக்குக் குளிர்ந்த போன் கிடைத்தால், ஐஸ் டம்ளருக்கு வெளியே முத்து கோப்பது போல உள்ளேயும் கோத்துவிடும். “சூடு போச்சு, ஆனா போட்டோ எல்லாம் மசமசன்னு வருது” என்கிறார். கடைக்காரருக்கு இது புதிதல்ல. ஒன்றும் சொல்லாமல் வாங்கி விசிறிக்கு முன்னால் வைக்கிறார்.

ஒரு மணிக்கு மேல் டீக்கடையின் காலண்டர் தாள் படபடக்கிறது. கடற்காற்று ஏறிவிட்டது. பெஞ்சில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்தாமல் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்கிறார்கள்.

அப்போது காரிலிருந்து இறங்குகிறார் ஒருவர். கழுத்தில் ஐடி கார்டு, கையில் விலை உயர்ந்த போன். காரின் கண்ணாடிக்குப் பின்னால் டேஷ்போர்டில் வைத்து மேப் பார்த்தபடி ஓஎம்ஆரிலிருந்து வந்திருக்கிறார்.

“இத பாருங்க. லட்ச ரூபா போன். இப்படி சுட்டா எப்படி?”

“டேஷ்போர்டுல வைக்காதீங்க சார். ஏசி காத்து வர்ற எடத்துல மாட்டுங்க. போனுக்கு ஒண்ணுமில்ல.”

ஒண்ணுமில்ல என்ற பதிலுக்காக அவர் இவ்வளவு தூரம் வரவில்லை. கண் பின்சுவரில் அலைகிறது. கேம் விளையாடுகிறவர்கள் போனின் முதுகில் கவ்வ வைக்கும் குட்டி விசிறி ஒன்று கவர்களுக்கு நடுவே தொங்குகிறது. நீல விளக்கு எரியும் ரகம்.

“அது என்ன?”

“கூலிங் ஃபேன் சார்.”

“குடுங்க.” பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். “இதுக்குக் கரண்ட்?”

“டைப்-சி கேபிள் இருக்கு. போன்லயே குத்தலாம்.”

“போன் பேட்டரியிலயே ஓடுமா? அப்போ போன் இன்னும் சூடாகாதா?”

“அதுக்குத்தான் சார், தனியா ஒரு பவர் பேங்க் வெச்சுக்கணும்.”

“பவர் பேங்க் சூடாகாதா?”

கடைக்காரர் அவரை ஒரு நிமிஷம் பார்க்கிறார். பிறகு பின்சுவரின் மேல் கொக்கிக்குக் கை நீட்டி, “பத்தாயிரமா, இருபதாயிரமா சார்?” என்கிறார்.